ஆறரை மணி வகுப்பு

நேற்று என் போன் அடம்பிடித்து நின்றுவிட்டது. ஒரு படம்கூட உள்ளே வரவில்லை. லஸ் முனைக் கடைக்காரர் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மேடம், பாதி இடத்தை ஒரே ஆளோட வாய்ஸ் மெசேஜ் பிடிச்சிருக்கு. அழிச்சிடட்டுமா?" என்றார்.

வேறு யார்? நீதான். போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் என் போனில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுதி அனுப்பு, படித்துக்கொள்கிறேன் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். இரண்டு வரிச் சேதிக்கு ஏழு நிமிடம் பேசுவாய். நடுவே காய்கறி வண்டிக்காரரிடம் பேரம், குக்கர் விசில், தும்மல். அழிக்க வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஊரடங்கு நாட்களில் நீ அனுப்பியவற்றைக் கேட்டேன். பெரும்பாலும் திட்டு. எனக்குத்தான்.

பள்ளியைப் பூட்டியதும் ஒன்பதாம் வகுப்புக்கு நான் போனில் கணக்கு நடத்த ஆரம்பித்தேன். நீ பி.டி. மிஸ், போனில் யாரை ஓடச் சொல்வாய்? உடற்பயிற்சி செய்து படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒன்றே ஒன்று அனுப்பினாய். அதில் பாதியில் உன் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு குறுக்கே போனார். மறுநாளிலிருந்து என் வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் செய்யத் தொடங்கினாய். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என்ன சமைத்தார்கள், யாருக்காவது இருமலா, அப்பாவுக்கு வேலை இருக்கிறதா, அம்மா தூங்குகிறார்களா.

எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வகுப்புக்கு என்ன குறை? எட்டரைக்குள் குரூப்பில் வருகை போடச் சொல்லியிருந்தேன். நாற்பத்திரண்டு பேரும் தினமும் 'உள்ளேன் மிஸ்' என்று போட்டார்கள். பள்ளி திறந்திருந்த காலத்தில்கூட எனக்கு இப்படி முழு வருகை கிடைத்ததில்லை. பெருமையாக உன்னிடம் சொன்னேன். "ம்" என்றாய். உன்னுடைய அந்த "ம்" எனக்கு எப்போதுமே பிடிக்காது.

கலைவாணி மட்டும் வீட்டுப்பாடமே அனுப்பவில்லை. காலை எட்டேகாலுக்கு டாண் என்று 'உள்ளேன் மிஸ்' வரும், அப்புறம் ஆள் இருக்காது. ஐந்து வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள், வருகையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்காக நான் தொண்டை வறளக் கத்தவில்லை என்று, அவள் பெயரைச் சொல்லியே, குரூப்பில் எல்லோரும் கேட்கப் பேசிவிட்டேன். மறுநாள் அவளிடமிருந்து 'உள்ளேன்' வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சர்க்கரை உடம்பு, வாசல் தாண்டாதே என்று டாக்டர் உன்னிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டார். நீ மந்தைவெளியிலிருந்து அவள் இருக்கும் பட்டினப்பாக்கம் குடியிருப்புக்கு நடந்தே போனாய். மாடி ஏறாமல் கீழே நின்று, முகக்கவசத்தை இறக்கிவிட்டு விசில் ஊதினாயாம். யார் சொல்லி நீ கேட்டாய்? மூன்றாவது மாடியில் கலைவாணி வந்து நின்றாள். பேசியது முழுவதும் என் போனில் இருக்கிறது. பதிவை நிறுத்த மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னாய். நான் அதை நம்பவில்லை.

"ஆட்டோ ஓடல மிஸ். நைனா சாப்பாடு டெலிவரிக்குப் போவுது. எட்டரைக்குப் போனை எடுத்துக்கினு பூடும். கணக்கு மிஸ் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டாங்க. நான் இனிமே படிக்க வரல."

நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என்ன சமையல் என்று கேட்டாய். ரசம் என்றாள். "அப்பளம் கீதா?" என்று அவள் பாஷையிலேயே இருக்கிறதா என்று கேட்டாய். தெருச் சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது லேசாகக் கேட்கிறது.

அடுத்த மெசேஜ் எனக்கு. "கேட்டியாடி? போன் வீட்டைவிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி தினமும் உன்கிட்ட தலையைக் காட்டிட்டுப் போயிருக்கா. நீ அதுக்குத்தான் அவளைத் திட்டியிருக்கே."

சமன்பாட்டில் x என்னவென்றே பார்க்காமல் விடையை மட்டும் எழுதிவைக்கும் பிள்ளைக்கு நான் ஒரு மதிப்பெண்கூடப் போட்டதில்லை. ஐந்து வாரம் நான் செய்ததும் அதுதான்.

அதற்குப் பிறகாவது என்னைக் கேட்டாயா? காலையிலேயே போன் கிளம்பிவிடும் வீடுகள் இன்னும் பத்து இருப்பதாகக் கண்டுபிடித்து, கணக்கு மிஸ் ஆறரைக்கே வகுப்பெடுப்பார் என்று நீயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாய். காபி இறங்குவதற்கு முன் யாராவது இயற்கணிதம் நடத்துவார்களா என்று கத்தினேன். "நீ நடத்துவே" என்று வைத்துவிட்டாய். அதோடு ஒரு உத்தரவு வேறு: அவளிடம் மன்னிப்புக் கேள், முதல் ஐந்து நிமிடம் பாடம் உன் வாயில் வரக்கூடாது.

அவள் அப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அம்மாவை விசாரித்தேன். பிறகு என்னை அறியாமல், பயிற்சிக் கணக்கு எதுவரை போட்டிருக்கிறாய் என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பி.டி. மிஸ் சொன்னாங்க மிஸ், நீங்க ஒரு நிமிஷம்தான் தாங்குவீங்கன்னு. ரெண்டு நிமிஷம் தாங்கிட்டீங்க."

மறுநாள் ஆறரைக்கு முதல் 'உள்ளேன் மிஸ்' அவளுடையதுதான். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பாழாய்ப்போன ஆறரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, உன் தயவில். அந்த நேரத்தில் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்கிறேன். தனியாகச் சமைத்துக்கொள்கிறார். என்ன சமையல் என்று கேட்பேன். ரசம் என்பார். அப்பளம் இருக்கிறதா என்பேன். அதற்குள், பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று வாய் பரபரக்கும். கேட்டால் அவர் போனை வைத்துவிடுவார்.

நேற்று மூன்று நிமிடம் தாங்கினேன்.