அப்பாவின் கடைவாய்ப் பல்லும் கிராம்பு எண்ணெயும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா இப்போதுதான் சுகம்.

உன் ஆய்வுக்கூடத்தில் கிராம்பு எண்ணெய் பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளைக் கொன்றுவிட்டது என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாயே, கண்ணாடித் தட்டில்தான் கொன்றது, வாயில் இன்னும் சோதிக்கவில்லை என்று நீ சொன்ன மீதிப் பாதி உன் அப்பா காதில் ஏறவே இல்லை. கடைவாய்ப் பல் வலியை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகப் பயந்துகொண்டிருந்த மனுஷன், மறுநாளே ஒரு பாட்டில் வாங்கி வந்து, பஞ்சில் நனைத்து ஓட்டைக்குள் திணித்துக்கொண்டார். வலி மரத்துப்போனது. "என் பொண்ணு கண்டுபிடிச்ச மருந்து" என்று தெருவெல்லாம் தம்பட்டம். எனக்கோ குமட்டல். எண்ணெய் வாசனைக்கு அடியில் செத்த எலி மாதிரி ஒரு நாற்றம், தலையணை உறையில் மஞ்சள் கறை, ஊறிப்போன பஞ்சுகளை வாஷ்பேசின் விளிம்பிலேயே ஒட்டி வைப்பார், சீ! கேட்டால், எனக்குத்தான் மூக்கு நீளமாம்.

பிறகு கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது, காய்ச்சல், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உன் சித்தப்பாவும் நானும் கைத்தாங்கலாகப் பல் டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த டாக்டரம்மா ஈறைக் கீறியதும் கொட்டிய சீழை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, கிண்ணத்தைப் பிடித்திருந்தது நான்தானே. எண்ணெய் பட்ட ஈறு வெந்து, வெள்ளை வெள்ளையாகத் தோலுரிந்து தொங்கியது. "எண்ணெய் வலியைத்தான் மறைச்சுது, கிருமி வேருக்குள்ள உட்கார்ந்து தின்னுக்கிட்டே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கழுத்து வீங்கி மூச்சே அடைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. நேற்றுக் காலை என் முன்னால் வந்து வாயைப் பிளந்துகொண்டு, நாற்றம் போய்விட்டதா என்று மோந்து சொல்லச் சொன்னார். முகத்தைச் சுளித்துக்கொண்டே கிட்டே போனேன். பாதிதான் போயிருக்கிறது என்றேன். மெதுவாக, "அவகிட்ட சொல்லிடாதே, தன்னாலதான்னு நினைச்சு அழுவா" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன். அழாதே, உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டு அந்த மீதிப் பாதியை நீயே சத்தமாகச் சொல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உனக்கும் பல் கூசுகிறது என்றாயே, ஆய்வுக்கூடத்து எண்ணெயை எடுத்துத் தடவாமல் டாக்டரிடம் போ. நோய்நொடி இல்லாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா