வெள்ளிக்கிழமை எலிகள்

6 செப்டம்பர் 2024, வெள்ளி

மறுபடியும் மெஷினில் கோடு ஏறிவிட்டது. குழாயில் அடைத்துப் பயமுறுத்தும் எலியின் மூளையில் டோபமைன் கூடத்தான் வேண்டும். செரோடோனின் ஏற்பியை மருந்தால் அடைத்தால் அது இன்னும் எவ்வளவு கூடுகிறது என்பதுதானே என் ஆராய்ச்சி. ஆனால் இன்றைய எலி சும்மா இருந்த எலி. ஊசியில்லை, குழாயில்லை. இதற்கு ஏன் கூடுகிறது? இதை வைத்துத்தானே மற்ற எலிகளை அளக்க வேண்டும்?

"சாம்பிள் டியூபை மாத்தி வச்சிட்டியாம்மா?" என்றார் கைடு ஜெயபாண்டி சார். என்னை நம்பவில்லை.

9 செப்டம்பர்

அம்மாவிடம் போனில் அழுதேன். "வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறியா இல்லையா?" என்றாள். போடுகிறேனே! சும்மா இருக்கும் எலிகளை நல்ல நாளென்று வெள்ளிக்கிழமைக்கே ஒதுக்கி, கூண்டை ஒட்டியிருக்கும் மெஷின் முன்னால் கப் சாம்பிராணி ஏற்றிக் கும்பிட்டுத்தான் தொடங்குகிறேன்.

"அப்ப ரெண்டாப் போடு."

13 செப்டம்பர், வெள்ளி

இரண்டு போட்டேன். போன வாரத்தைவிட ஏறிவிட்டது.

18 செப்டம்பர்

அப்பா கப்பலூர் கம்பெனியிலிருந்து பேசினார். மார்ச்சில் நான் தீசிஸ் கொடுத்துவிடுவேன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாராம். "ஆமாப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

20 செப்டம்பர், வெள்ளி

வீட்டுக்குத் தூரம். அதனால் சாம்பிராணி ஏற்றவில்லை. பயந்துகொண்டேதான் தொடங்கினேன்.

கோடு ஏறவே இல்லை. படுத்துக் கிடக்கிறது.

ஐயோ — புகையா?

24 செப்டம்பர்

இன்று வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தேன். எலி மூலைக்கு ஓடி, மயிர் சிலிர்த்து, அசையாமல் நின்றது. கோடு ஏறியது. இத்தனை நாள் இதை நான் பார்த்ததே இல்லை. ஏற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பயமில்லாதவை என்று எழுதி வைத்த பதினாலு எலிகளையும் பயமுறுத்தியது நான்தான். யாருக்கும் தெரியாது. சார் வருவதற்குள் புகை அடங்கிவிடும். இனிமே ஏத்தாம இருந்தாப் போதாதா? பழசை என்ன செய்யிறது? சொன்னா வெளிய போன்னுருவாரோ? எங்க போவேன்?

26 செப்டம்பர்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

"எம்புட்டு எலிம்மா?"

"பதினாலு சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாம்பிராணி போட்டேன்னு தீசிஸ்ல எழுதுவியா?"

"எழுதுறேன் சார்."

"அப்பத் திரும்பச் செய்யி."

மார்ச் போயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

4 அக்டோபர், வெள்ளி

பதினாலில் முதல் எலி. எதுவும் ஏற்றவில்லை. கும்பிடாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் லேப் கோட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கோடு ஏறவில்லை. எலி சுருண்டு தூங்கிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.