மீதித் தொண்ணூற்றொன்பது

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12-2-1973

சௌபாக்கியவதி இந்திராணிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி கைலாசமும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது. நாற்பது வயதில் உண்டாகியிருக்கிறாயே என்று லண்டன் டாக்டர் விசாரித்ததையும், நீ தம்பியைப் பற்றிச் சொன்னதும், அவனைப் பெற்றபோது உன் அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டதையும் நாலு தரம் படித்தேன். நாற்பத்து மூன்று என்றாயாம், அதுதான் காரணம், இங்கிலாந்தோ ஜப்பானோ இந்தியாவோ, தாய்க்கு வயது ஏற ஏற இப்படிப் பிறப்பது கூடும் என்றாராம். படித்துவிட்டு நான் அழவில்லை, உன் அத்தை லோகாம்பாள் ஞாபகம்தான் வந்தது. அவனைச் சுமந்தபோது கிரகணத்தன்று நான் தறியில் நூல் அறுத்தேனாம், அதனால்தான் கைலாசம் மந்தமாகப் பிறந்தான் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்னவள் அவள்தானே.

போன வெள்ளிக்கிழமை அவள் மருமகள் கிருஷ்ணவேணிக்கு வளைகாப்பு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், பாவம். உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன். வளையல் போட நான் கை நீட்டியதும் லோகாம்பாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ போடாத அண்ணி, அது கிரகணத்துல நூலறுத்த கையி" என்றாள், அத்தனை பெண்கள் நடுவில். நான் கடிதத்தை எடுத்து டாக்டர் சொன்னதை நிதானமாகப் படித்தேன். படித்து முடித்து, "உன் மருமவளுக்கு என்ன வயசுமா ஆவுது, லோகு?" என்று கேட்டேன். நாற்பது. அவள் முகம் செத்துப் போனதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இப்படியா என்று அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, பேசாமல் போகட்டும்.

மறுநாள் கிருஷ்ணவேணி அழுதுகொண்டு வந்தாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நாற்பது வயதில் நூற்றுக்கு ஒன்றுதான் அப்படி, மீதித் தொண்ணூற்றொன்பதும் நல்லபடியாகப் பிறக்கும் என்று நீ எழுதியிருந்த, வளைகாப்பில் நான் படிக்காத பாதியைப் படித்துக் காட்டிச் சோறு போட்டு அனுப்பினேன். மாமியாரிடம் மூச்சு விடக் கூடாது என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நீ பயப்படாதே, வெயிட் எதுவும் தூக்காதே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். கைலாசத்தைப் போலவே பிறந்தாலும் என்னிடம் கொண்டு வா, வளர்க்க எனக்குத் தெரியும். அவன் ராணி தலை போட்ட ஸ்டாம்பு இன்னும் இரண்டு கேட்கிறான். காமாட்சி உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

முக்கியமாக ஒன்று. டாக்டர் சொன்னது நிஜமா என்று அத்தை உனக்குக் கடிதம் போட்டுக் கேட்பாள், அப்பாவிடம் விலாசம் வாங்கிப் போயிருக்கிறாள். சுகம் மட்டும் விசாரித்து எழுது. நான் இருபத்திரண்டு வருஷம் எரிந்தேன், அவள் இரண்டு மாதம் எரியட்டும். அந்தத் தொண்ணூற்றொன்பதை மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாட்சி