நான் அழித்த இரண்டு கரும்புள்ளிகள்

காஞ்சிபுரம்,
9.2.2006

அன்புள்ள உங்களுக்கு அம்சா எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். மஸ்கட்டில் குளிர் விட்டதா, உங்கள் இருமல் நின்றதா என்று எழுதுங்கள். அனுப்பிய தைலமும் கவுனும் வந்து சேர்ந்தன. கவுன் கொஞ்சம் குட்டை. பாப்பா வளர்ந்துவிட்டாள்.

போன் உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தால் வீடே காது கொடுத்து நிற்கிறது. போன வாரம் நீங்கள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோ வேலையை மட்டும் பார் என்றபோது நான் சரி என்றது அவர்கள் காதுக்கு. உங்களுக்கு என் பதில் இதுதான்: கொடுக்க மாட்டேன்.

"உன் பொண்டாட்டி தாமல் ஏரிக்கரையில ஈ பின்னாடி சுத்திக்கினு இருக்குது, பெங்களூர்க்காரன் கிட்ட திட்டு வாங்கி நம்ம மானமும் போச்சுப்பா" என்று அண்ணன் உங்களிடம் சொன்னாராம். முதல் பாதி உண்மை. ஆனால் அது ஈ இல்லை, வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ. விடியும் நேரத்தில் செடித் தண்டை வாயால் கவ்விக்கொண்டு தூங்கும். அப்போது போனால்தான் அசையாமல் படம் எடுக்க விடும். இரண்டாம் பாதியை அவர் வாயால் கேட்டது போதும், நானே சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்து ஸௌம்யாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், கல்லூரியில் தேனீ வகைகளை ஆராய்கிற பெண். கேமரா அவள் கொடுத்ததுதான். அவள் ஊசியில் குத்தி வைத்திருந்த ஒரு தேனீயின் முகத்தை, சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் போட்டு நாற்பது படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவுதான் தெளிவாக விழும். நாற்பதையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் முழு முகமும் தெரியும். தெரிந்தது. மஞ்சள் முகத்தில் இரண்டு கரும்புள்ளிகள். ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்களின் படங்களில் பருவையும் மச்சத்தையும் அழித்து அழித்துப் பழகிய கை இது. யோசிக்கவே இல்லை, அழித்துவிட்டேன். முகம் பளிச்சென்று ஆனதில் சந்தோஷம் வேறு.

அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அது எந்த இனம் என்றே சொல்வார்களாம். பெங்களூர் ஆய்வாளர் ராஜகோபால் என் படத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் யாரும் பார்க்காத இனம் என்று நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். பிறகு தேனீயே தபாலில் அவரிடம் போனது. புள்ளிகள் இருந்த இடத்தில் இருந்தன. அவருடைய கோபம் நியாயம்தான்.

ஸௌம்யா நல்லவள். ஸ்டூடியோவில் தவறு நடந்துவிட்டது என்று பொதுவாக எழுதிவிடுகிறேன், உன் பெயர் வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதுவரை இருநூறு தேனீக்கு மேல் எடுத்திருக்கிறேன். ஒரு படத்தின் கீழும் அம்சா இல்லை, ஸ்டூடியோ என்றுதான் இருக்கிறது. தவறிலும் என் பெயர் இல்லை என்றால் நான் அந்த வேலையில் இருந்ததாகவே ஆகாது. அழித்தது நான்தான் என்று நானே அவருக்கு எழுதி, கை வைக்காத படங்கள் எல்லாவற்றையும் சிடியில் போட்டு அனுப்பினேன்.

அவர் ஒவ்வொன்றாகத் தேனீக்களோடு ஒப்பிட்டிருக்கிறார். வேறு தவறு அகப்படவில்லையாம். ஆனாலும் நம்புவதற்கில்லை, மார்ச் ஆறாம் தேதி பெங்களூருக்கு வந்து என் கண் முன்னால் எடுத்துக் காட்டு என்கிறார். இது பாராட்டு இல்லை, பரீட்சை. தேறினால் அவர்கள் போடும் புத்தகத்தில் படங்களுக்குக் கீழே என் பெயர் வரும். தேறாவிட்டால் இந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் போகிறேன். மூன்று நாள். ஸௌம்யா கூட வருகிறாள், பாப்பாவை அம்மா பார்த்துக்கொள்வாள். அண்ணனிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னேன். "அவன் சொல்லாம நீ வாசப்படி தாண்டக் கூடாதும்மா" என்றார். உங்களிடமும் அனுமதி கேட்கவில்லை. கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், சாப்பிடாமல் மட்டும் கிடக்காதீர்கள்.

நீங்கள் மஸ்கட் கிளம்பிய அன்று பாப்பாவுக்கு நாற்பது நாள். எனக்குத் துளியும் மனம் இல்லை. ஆனாலும் அழாமல் நின்று, போய்விட்டு வாருங்கள் என்றேன். அதை இப்போது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம், போய் வா என்று ஒரு வரி போதும். அது வராவிட்டாலும் ஐந்தாம் தேதி பஸ் ஏறுவேன். வந்தால் அழாமல் ஏறுவேன்.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
அம்சா