நைனா நெஞ்சில் விசில்

அம்மாவுக்கு மகிழினி எழுதுவது. நீயும் நைனாவும் நலம்தானே? மலைக்குளிர் எனக்குப் பழகிவிட்டது. போனில் பேசினால் நைனாவும் கேட்பார், அதனால்தான் கடிதம்.

நேற்று ஹாஸ்டலில் என் புது ஸ்டெதஸ்கோப்பை அறைத்தோழி ஷாலுவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். "ரிப்பேர் பீஸுடி, விசிலே கேக்கல" என்றேன்.

"மூச்சு கேக்குதா? அவ்ளோதான் கேக்கணும்" என்று சிரித்தாள்.

இன்னும் ஆறு பேரிடம் வைத்தேன். ஒருத்தியிடமும் விசில் இல்லை. சின்ன வயதில் நைனாவின் நெஞ்சில் படுத்துக்கொண்டு, "இன்னா நைனா, உள்ள விசில் அடிக்குது?" என்று கேட்பேனே. "எல்லாருக்கும் கீது பாப்பா, தூங்கு" என்பார். இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன் பார்!

இரண்டாம் சுற்று கவுன்சிலிங்கில் சென்னையிலேயே மருத்துவ சீட் கிடைத்தும், "மலைக்காத்து நல்லது, அங்கியே படி" என்கிறார் நைனா. ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நம் விம்கோ நகர் ஆலைப்புகையில் இன்னும் யார் யாருக்கு விசில் இருக்கும்? எனக்குத் தெரிந்தாக வேண்டும். சென்னை சீட்டையே எடுக்கிறேன்.

கருவாடு அனுப்பாதே, வந்தே தின்கிறேன். என் தலையணையை மட்டும் வெயிலில் போட்டு வை.

மெஸ் மணி அடித்துவிட்டது. வந்ததும் முதலில் உன் நெஞ்சில்தான் வைப்பேன். "கூச்சமா கீதுடி" என்று நழுவாதே. நைனாவுடையது எனக்குத் தெரியும். உன்னுடையதை ஒரு நாளும் கேட்டதில்லை அம்மா.

மகிழினி