தோலுக்கடியில் ஓர் உளவாளி

மார்ச் 4
பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவளை டிப்போவில் மேசையில் உட்காரவைத்து மூன்றாவது வருடம் நடக்கிறது. நான் செய்த குற்றம், இரண்டு முறை மயங்கி விழுந்தது. காரணம் கண்டுபிடிக்க இடது மார்பில், தோலுக்கடியில், ஒரு மானிட்டர். இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் வைத்த பெயர் உளவாளி. இதுவரை ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, தண்டச்சோறு.

மார்ச் 11
நாத்தனார் வந்தாள். என் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "தப்பு அவ மேலதான், நீ டென்ஷன் ஆகாத" என்றார். சொந்தத் தங்கையை!

எல்லாம் ஒரு போனால் வந்த வினை. உளவாளியை வைத்த புதிதில் எங்களுக்குள் பெரிய சண்டை. மறுநாள் நர்ஸ் கூப்பிட்டு, "நேத்து சாயங்காலம் துடிப்பு எகிறியிருக்கு, என்ன பண்ணீங்க?" என்றாள். ஸ்பீக்கரில் அவரும் கேட்டார். அன்றோடு இந்த வீட்டில் சண்டை நின்றது. நான் எதைச் சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுகிறார்.

ஏப்ரல் 2
வேண்டுமென்றே வம்பிழுத்தேன். அவர் அம்மாவைக்கூட இழுத்துப் பேசினேன். சிரித்தார். சுவரைக் குத்தினாலாவது கை வலிக்கும். எனக்கு என் பஸ் வேண்டும். என்னோடு சண்டை போடுகிற என் புருஷன் வேண்டும். பெரிய ஆசையா இது?

ஏப்ரல் 20
உளவாளிக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது. டாக்டர், "இதயத்துல ஒரு கோளாறும் இல்லம்மா. அப்புறம் மயக்கமும் வரல. எடுத்துடலாம், நீங்க பஸ் ஓட்டலாம்" என்றார்.

வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்: "நிஜமா ஒண்ணும் இல்லன்னா சொன்னாரு?" பாவம், எவ்வளவு பயந்திருக்கிறார்.

மே 6
எடுத்தாகிவிட்டது. மரத்துப்போக ஊசி, சின்னக் கீறல். சதை அதைப் பிடித்துக்கொண்டிருந்ததாம், இழுத்துத்தான் எடுத்தார்கள். தட்டில் போட்டுக் காட்டினார் டாக்டர். இத்துனூண்டு சனியன்.

மே 9
காபி குடித்து முடித்ததும், "இப்ப பேசலாமா?" என்றார். தனியாக வீடு பார்த்துவிட்டாராம். பிரிந்துவிடலாமாம்.

எப்போதிலிருந்து இந்த நினைப்பு?

"நீ மொத தடவை விழுறதுக்கு முன்னாடியே. சொல்லணும்னுதான் இருந்தேன். நீ விழுந்துட்ட. அப்புறம் சொல்லி உனக்கு ஏதாவது ஆயிட்டா..."

அடப்பாவி! அன்பு என்று நினைத்தேனே — பழிக்குப் பயந்தா என்னைத் தாங்கினே? ஒவ்வொரு நாளும் தலையாட்டிக்கிட்டே, இது எப்ப வெளிய வரும்னு காத்துக்கிட்டு இருந்தியா? கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்போதும் அவர் கண் என் மார்புக் கட்டின் மேலேயே இருந்தது.

மே 10
எழுதப் பிடிக்கவில்லை.

மே 16
தையல் பிரித்தார்கள். "கூட யாரு வந்திருக்கா?" என்றாள் நர்ஸ். பஸ்ஸில் வந்தேன் என்றேன்.

நாளைக் காலை முதல் ஷிப்ட் பஸ் எனக்கு. அலாரம் வைத்திருக்கிறேன்.