கேக் விழுவதற்கு முன் கேட்ட சிரிப்பு

என் நளாயினி அக்கா,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. ஹம்பேர்க்கில், பழைய படங்களைத் திருத்தும் நம் ஸ்ரூடியோவில், உங்கள் கதிரையில் இன்னும் ஒருவரும் அமர்வதில்லை. நீங்கள் பாதியில் விட்ட அந்த ஆங்கில இசை நகைச்சுவைப் படத்தை நான்தான் முடித்தேன். படங்கள் பேசத் தொடங்கிய காலத்துப் படம். காட்சி பிலிமிலும் ஒலி இசைத்தட்டுகளிலுமாகப் பிரிந்து கிடந்ததே, அதுதான்.

நீங்கள் தேடிக் களைத்த கடைசி இசைத்தட்டு, நீங்கள் போனபிறகுதான் லண்டனில் ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டது. உங்கள் கை படாத தட்டு.

அதைப் போட்டேன். நாயகி பாடி முடிக்கிறாள். மாப்பிள்ளை கேக்கோடு சறுக்கி விழப்போகிறான். விழுவதற்கு முன்பே ஒரு பெண் சிரிக்கிறாள். படப்பிடிப்பிலேயே ஒலியும் பதிவாகும், இருமக்கூடாத காலமல்லவா அது? மூச்சை ஒருமுறை இழுத்து, பிறகு கலகலவென்று... பகிடி முடியுமுன் அப்படிச் சிரிப்பது உங்களைத் தவிர வேறு யார், அக்கா?

என் மனப்பிரமையோ என்று மேலாளரை அழைத்தேன். அவருக்கும் கேட்டது. "யாரோ சிரிக்கிறார்கள். நீக்கிவிடு" என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கை வரவில்லை. உங்கள் கணவர் ரவி அண்ணையை வரச்சொன்னேன். விஷயத்தைச் சொல்லாமல் ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்று தரம் கேட்டார்.

"இது வருத்தம் வந்து படுக்க முந்திச் சிரிச்ச சிரிப்பு. கடைசி வருசம் அவளுக்கு இப்பிடிச் சிரிக்க ஏலாது. எப்ப பதிவு செய்தனீங்கள், தங்கச்சி?"

"நான் செய்யேல்லை அண்ணை. தட்டிலையே இருந்தது."

"எந்தக் காலத்துத் தட்டு?"

"நூறு வருசம் வரும்."

ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார். "அழிச்சுப் போடாதேங்கோ" என்றார்.

மூலத்தில் இருப்பதை அழிக்க நமக்கு உரிமையில்லை என்று மேலாளரோடு சண்டை பிடித்தேன். கடைசியில் விட்டுவிட்டார்.

போன ஞாயிறு பகல் படத்தைத் திரையிட்டார்கள். அண்ணை என் பக்கத்தில் இருந்தார். நீங்கள் சிரித்தீர்கள். மாப்பிள்ளை விழுந்தான், மண்டபமே சிரித்தது. இந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக அண்ணையும் வாய்விட்டுச் சிரித்தார். சனம் அடங்கியபின்னும் அவர் ஒருவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பதில்போல நீங்கள் இன்னொரு தரம் சிரித்தீர்கள். மெதுவாக, கிட்டத்தில்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "கேட்டதே?"

"ஓம், அண்ணை."

தட்டில் அந்த இடத்தில் ஒலியே இல்லை, அக்கா. வினாடி வினாடியாகத் துப்புரவாக்கியவளுக்குத் தெரியாதா? பிறகு எங்கிருந்து வந்தது?

அதைத் திரும்பப் போட்டுச் சோதிக்க மாட்டேன். உங்கள் மேல் ஆணை. அடுத்த முறை எந்த ஊரில் திரையிட்டாலும் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போவேன். பக்கத்துக் கதிரைக்கும் ஒரு ரிக்கெற் எடுப்பேன்.

கூடப்பிறக்காத உங்கள் தங்கச்சி,
சுபா